ஓசூர்க் குருவிகளும் சிக்கந்தரின் பாங்கும்

வெளிநாடு போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஜித்தாவில் தண்ணீரைவிடப் பெட்ரோல் மலிவு, சிங்கப்பூரில் எச்சில் துப்பினால் அபராதம் என்று அவர்கள் ஆரம்பித்தால் நான் என் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். எனக்குப் பாய், கயிறு வியாபாரம். சரக்கெடுக்கச் சேலம் வரைக்கும் போவேன். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஜித்தாவைப் பார்த்தவர்கள் ஏராளம், சேலத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒரே தகுதியை வைத்து, எண்பதுகளின் கடைசியில் ஒரு நோன்பு மாதத்தில், எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் என்னை ஓசூருக்கு அனுப்பியது. சேலம் போகத் தெரிந்த மீராவுக்கு ஓசூர் ஒரு எட்டுதானே என்றார் தலைவர்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லிவந்த மோதினார், முட்டிவலி தாங்காமல் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் ஜமாஅத் செயலாளரின் தங்கை மகன். அவன் இருமினால் பாங்கு சொல்வது போலவும், பாங்கு சொன்னால் இருமுவது போலவும் இருக்கும். இன்னொருவன் எங்கள் தெருக்காரன் சிக்கந்தர். ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் பல வருஷமாக வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஜொகராவும் சின்ன மகளும் ஊரில், அவள் தாய் வீட்டில். மோதினார் வேலைக்குப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு உண்டு. வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். அவர்கள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

“மெஷினுக்கு நடுவுல கெடந்த தொண்டை. துருப்பிடிச்சுப் போயிருக்கும்” என்றார் செயலாளர்.

“அப்பக் கேட்டுட்டு வருவோம்” என்றார் தலைவர்.

ஆனால் எனக்குப் பாட்டுக்கும் ஏலக் கூச்சலுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஊர் அறிந்த விஷயம். அதனால் தலைவருடைய மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் என் தலையில் ஏறியது. டேப்பும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி, இரண்டு பக்கமும் ஊதிய கன்னம் மாதிரி ஸ்பீக்கர். பாங்கைப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும், எல்லாரும் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வார்கள். செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். டேப்பில் வேறு எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது, இருந்தால் செல்லாது.

கிளம்புகிற அன்று ஜொகரா கடைக்கு வந்தாள். தேவையே இல்லாமல் ஒரு முழம் கயிறு வாங்கினாள்.

“அண்ணே, நல்லா விழுகுற மாதிரி எடுத்துட்டு வாங்க. அவுகளுக்கு நாலு பேரு முன்னால பேசச் சொன்னா நாக்குப் பொரளாது. பாங்கு மட்டுந்தான் வரும்” என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எம்மவ அவுகள ‘ஓசூர் மாமா’ன்னு கூப்புடுறாண்ணே.”

நான் கயிற்றை இரண்டு முழமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கியதில் ஓசூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண் விழித்துப் பார்த்தால் கடைப் பலகைகளில் ஓர் எழுத்தும் புரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் புரியவில்லை. அத்திப்பள்ளி, கர்நாடகம். நடத்துநர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு அதைத் தமிழாக்கினார்: “ஓசூர் ஓசூர்னு தொண்டை கிழியக் கத்தினாராம். உங்க பொட்டிக்குக் கேட்டிருக்கும், உங்களுக்குத்தான் கேக்கலயாம்.” இப்படியாக, ஜித்தா பார்த்தவர்களுக்கு நடுவில் நானும் எல்லை தாண்டியவன் ஆனேன். அந்நிய மண்ணில் மொத்தம் ஒரு கால் மணி நேரம் இருந்தேன். அங்கே வெயில் அடித்தது, நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைத்தது, நோன்பு என்பதால் ஒரு டீ கூடக் குடிக்க முடியவில்லை.

நோன்பு மாதத்தில் பயணம் போகிறவன் இப்படிப் பயணக் கட்டுரை எழுதுவதில் இது ஒரு சங்கடம். பகல் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டுதான். ஆனால் ஜமாஅத் வேலையாகப் போனவன் சலுகை எடுத்தால் செயலாளர் டேப்பைக் கேட்பதற்கு முன் அதைத்தான் விசாரிப்பார்.

திரும்பி ஓசூருக்கு ஒரு டெம்போவில் முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தேன். டிரைவர் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் வளைத்துக் கன்னடத்தில் முடித்தார். பிரேக், கிளட்ச் என்கிற சொற்கள் வந்தபோது மட்டும் நான் தலையாட்டினேன். அது வரைக்கும் அவர் என்ன பேசினார் என்பது எனக்கும் முட்டைக்கோஸுக்கும் தெரியாது.

சிக்கந்தர் இருந்த இடம் ‘லைன் வீடு’. ஒரே நீளச் சுவரைத் தடுத்துத் தடுத்து அறைகள், மேலே சிமெண்டு ஷீட்டு, முன்னால் பொது முற்றம். முற்றத்தில் ஒரு புங்க மரம், அதன் கீழே வீட்டுக்காரி முனிரத்தினம்மாவின் மாடு. அந்த அம்மாள் பிள்ளைகளைத் தெலுங்கில் கொஞ்சுவார், மாட்டைக் கன்னடத்தில் திட்டுவார், குடியிருப்பவர்களிடம் தமிழில் கறாராக இருப்பார். லைன் முழுக்கக் கம்பெனி ஆட்கள். பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், மீதிப் பேர் எங்களைப் போலத் தெற்கத்தியர்கள். எல்லாரும் பகல் முழுக்க மெஷினோடு போட்டிபோட்டுப் பேசிப் பழகியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் உப்பு கேட்டால்கூட உத்தனப்பள்ளி வரைக்கும் கேட்கும்.

சிக்கந்தர் மட்டும் வாயே திறக்கவில்லை. கழுத்தைச் சுற்றித் துண்டு. என்னைப் பார்த்ததும் கண்ணெல்லாம் மலர்ந்து, சலாத்தைக் கையால் சொல்லி, உட்காரச் சொல்லிக் கையால் காட்டினான்.

“என்னப்பா, தொண்டைக்கு என்ன?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

அவனுடைய அறைக்கூட்டாளி, கிருஷ்ணகிரி கவுஸ், அவனுக்காகப் பதில் சொன்னார்: “ஒண்ணுமில்லீங் பாய். டேப்புல பேசறதுக்குச் சேத்து வச்சிக்கினு கீறாரு. நாலு நாளா எங்க யாருகிட்டயும் பேசறதில்ல. சூப்பர்வைசர் கேட்டதுக்குக்கூடக் கையக் காட்டுறாரு, அந்தாளு கோவிச்சிக்கினு போயிட்டான்.”

அன்று மாலை நோன்பு திறக்கையில் முற்றத்தில் செய்தித்தாளை விரித்து எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். பேரீச்சம்பழம், பெரிய குண்டானில் நோன்புக் கஞ்சி. எங்கள் ஊர்க் கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றி, கரண்டி நட்டால் நிற்கும். இங்கே கரண்டியைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் புதினாவும் இஞ்சியும் போட்டு, அந்தக் குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் தீயாகக் கொதிக்கிற சித்திரை மாதத்தில் இங்கே மனிதர்கள் மப்ளர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

மறுநாள் விடியற்காலைப் பாங்குதான் எங்கள் குறி. நான் வருகிறேன் என்று அன்று மட்டும் லீவு போட்டிருந்தான், இனி மற்ற வேளைகளில் சிக்கந்தர் ஷிப்டில் இருப்பான். லைனுக்கு இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரை போட்ட சின்னப் பள்ளிவாசல். மைக்கில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் வந்ததால் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசலில் கிடந்த சிமெண்டுக் கல்லின் மேல் அவன் ஏறி நின்றான். காதில் விரலை வைத்தான். நான் பொத்தானை அமுக்கினேன். “அல்லாஹு அக்பர்” என்று அவன் ஆரம்பித்தான். நாலு நாளாகச் சேர்த்து வைத்த குரல், கணீரென்று வந்தது. இரண்டாவது வரியில் கம்பெனிச் சங்கு ஊதியது. அது முடிவதற்குள் அடுத்த கம்பெனிச் சங்கு. ஓசூரில் எத்தனை கம்பெனி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டேப்பைப் போட்டுக் கேட்டால் கப்பல் புறப்படுகிற மாதிரி இருந்தது.

அடுத்த விடியலில் நான் உஷாராக இருந்தேன். சங்கு ஊதுவதற்கு முன்பே, நேரம் வந்த உடனேயே ஆரம்பித்துவிட வேண்டும். சுவர் மறைக்கிற மாதிரி பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் போய்விட வேண்டும். அங்கே ஒரு பெரிய வேப்பமரம், அமைதியான இருட்டு. சிக்கந்தர் ஆரம்பித்தான். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு குருவியும் ஆரம்பித்தது.

கறுப்பாக, வால் நீளமாக ஒரு குருவி. பேர் தெரியாது. அது கூப்பிட்டதும் பக்கத்துக் கிளையில் இன்னொன்று பதில் சொல்லியது. அப்புறம் மைனாக்கள். அப்புறம் எங்கேயோ ஒரு குயில், நிறுத்தாமல், ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போயிற்று. அந்த மரத்தில் அத்தனை பேர் குடியிருப்பது எனக்குத் தெரியாது. செயலாளர் முகம் கண் முன்னால் வந்தது. ‘வேற சத்தம் இருந்தாச் செல்லாது.’ கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து வீசினேன். அது மரத்தில் படாமல் தகரக் கூரையில் ‘டமார்’ என்று விழுந்தது.

பாங்குக்கு நடுவில் பேசக் கூடாது. சிக்கந்தர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இன்னொரு கல் வீசினேன். அதுவும் தகரத்தில்தான். மூன்றாவதற்குக் குனிந்தபோது எதிரே இரண்டு கால்கள் நின்றன. நிமிர்ந்தால், கையில் தண்ணீர்ச் செம்போடு அந்தப் பள்ளியின் இமாம். அங்கே எல்லாரும் அவரை ஹஜ்ரத் என்பார்கள்.

“மீரா பாய், இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

“குருவி வெரட்டுறேன் ஹஜ்ரத். பாங்குக்கு இடைஞ்சலா இருக்கு.”

அவர் செம்பைக் கீழே வைத்தார். “அதுங்க மட்டும் இன்னா பண்ணுதுன்னு நெனச்சீங்க? அதுங்களும் அல்லாவத்தான் புகழுது. அது நமக்கு வெளங்கறதில்ல, அவ்ளோதான். வெளங்கலன்னா கல்லால அடிக்கிறதா? அல்லாவப் புகழ்றவங்களக் கல்லெடுத்து அடிச்சிட்டு, அல்லாவப் புகழ ஆள் எடுக்க வந்திருக்கீங்க. உங்க ஊரு ஜமாஅத்துக்குச் சொல்லட்டுமா இத?”

அவர் விடவில்லை.

“ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. படைப்புலயே மனுசன் ஒருத்தனுக்குத்தான் எழுப்பி வுட ஆள் வேணும். அதுக்கு ஒரு வேல, ஒரு வூடு, ரெண்டு பேரு போட்டி. இதுங்களுக்கு எந்த மோதினாரு? எந்தச் செயலாளரு?”

அதற்குள் கூரையில் விழுந்த சத்தம் கேட்டு முனிரத்தினம்மாவும் பால் சொம்போடு வந்துவிட்டார். “யாருப்பா கல்லு வுடறது? நீயா? இதுங்க சத்தம் கேட்டாத்தான் என் மாடு எந்திரிக்கும். நீ எல்லாத்தையும் ஓட்டிட்டின்னா, பால் நீ வந்து கறந்து குடுப்பியா?”

மதம், மாடு இரண்டு பக்கமும் என்னைப் பிடித்துக்கொண்டதில் வெளிச்சம் வந்துவிட்டது. அவர்கள் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது. டேப்பைப் போட்டுக் கேட்டோம். பாங்கு, குருவி, தகரம், கடைசியில் ‘பால் நீ வந்து கறந்து குடுப்பியா’. அந்த இடத்தில்தான் சிக்கந்தர் முதன்முதலாகப் பேச வாயைத் திறந்தான்.

“அண்ணே, இது எனக்கு எழுதல. ஊர்ல போயி இல்லேன்னு சொல்லிருங்க. ஜொகராகிட்ட மட்டும் நீங்க பதனமாச் சொல்லுங்க.”

“வாய மூடு, தொண்டை போயிரும்” என்றேன்.

மறுநாள் ஞாயிறு, கம்பெனி விடுமுறை. கவுஸ்தான் யோசனை சொன்னார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்விட்டால் சங்கும் இல்லை, லாரியும் இல்லை. விடியலுக்கு முன் நோன்புச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள். நெஞ்சில் ஒரு உருண்டை நிற்க, மடியில் பெட்டியோடு சிக்கந்தரின் சைக்கிள் கேரியரில் ஏறினேன். பாதி வழியில் செயின் கழன்றது. இருட்டில் அதை மாட்டியவன் கையெல்லாம் கரியாக, பிறகு இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேழ்வரகுக் கொல்லை வரப்பில் நடந்தோம். பெட்டி கனத்தது. துபாய்க்காரர்கள் இதை விமானத்தில் கொண்டுவந்தது எனக்கு அப்போது பெரிய அநியாயமாகப் பட்டது.

அணைக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. சிக்கந்தர் கரியைத் தேய்த்துக் கழுவி, தொழுகைக்காக முகம் கை கால் கழுவி ஒளு எடுத்து, கரையின் மேல் நின்றான். நான் பொத்தானை அமுக்கினேன். அவன் இரண்டு வரி சொல்லியிருப்பான், நாணலுக்குள்ளிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்க் கோழிகள், கொக்குகள், எதிர்க்கரை மரங்களிலிருந்து கிளிகள். வேப்பமரத்தில் இருந்தது ஒரு தெரு என்றால் இங்கே ஒரு தாலுகாவே இருந்தது.

என் காலடியில் கல் நிறையக் கிடந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் ஹஜ்ரத் நாணலுக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடுவார் என்று ஒரு பயம். அதைவிட, சிக்கந்தரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் என்பதுதான் உண்மை. அவன் கண்ணை மூடியிருந்தான். பறவைகளை மிஞ்ச வேண்டும் என்று குரலைத் தூக்கவில்லை. அவை கத்தி முடிக்கட்டும் என்று நிறுத்தவும் இல்லை. எனக்குச் சுருதி தெரியாது, ராகம் தெரியாது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், சும்மா நிற்பவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. களி நெஞ்சை அடைத்ததால் வந்தது என்று சிக்கந்தரிடம் சொன்னேன்.

பாங்கு முடிந்ததும் நாணல் ஓரத்துப் பரிசலில் இருந்து ஒரு மீன்காரர் தெலுங்கில் குரல் கொடுத்தார். சிக்கந்தர் எனக்குச் சொன்னான்: “முடிஞ்சுதா, இனிமே வலை வீசலாமான்னு கேக்குறாருண்ணே.” அவ்வளவு நேரமும் அவர் துடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொழுதோம்.

இதற்கு மேல் நல்ல டேப் கிடைக்காது என்று முடிவு செய்தேன். செயலாளரை ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். அன்று மாலை நேரத்தோடு வானம் மூடிக்கொண்டது. கோடை மழைக்கு முன்னால் வருகிற கறுப்பு. முற்றத்தில் செய்தித்தாள் விரித்தாயிற்று. லைன் முழுக்க உட்கார்ந்தாயிற்று. ஆளுக்கொரு பேரீச்சம்பழம் விரலிடுக்கில். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைப் பாங்கும் சிக்கந்தர்தான் சொல்வான் என்பதால் அவன் சைக்கிளில் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டான். நோன்பில் கடைசிப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அது நகரவே நகராது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், டேப்பில் குருவிச் சத்தம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்ப்போமே என்று அறைக்குள் போய்ப் பெட்டியைப் போட்டேன். கைப்பட்டு வால்யூம் எங்கே நின்றது என்று கவனிக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

“அல்லாஹு அக்பர்” என்று சிக்கந்தரின் குரல் எழுந்தது. கூடவே பறவைகள். வெளியே புங்க மரத்திலும் அந்த நேரத்துக்குக் குருவிகள் அடைய வந்து ஒரே இரைச்சல். எது பெட்டிக் குருவி, எது மரத்துக் குருவி என்று யாருக்குத் தெரியும்? முற்றத்தில் “பிஸ்மில்லா” என்று ஒரே குரலாகக் கேட்டது. பேரீச்சம்பழங்கள் வாய்க்குள் போயின. கஞ்சிக் கிண்ணங்கள் எழுந்தன. எனக்கும் உள்ளே ஒரு பழம் வைத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கிய விரல் இன்னும் பெட்டியின் மேலேதான் இருந்தது. மற்றக் கையால் அந்தப் பழத்தை எடுத்து நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

விடியற்காலைப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக உண்டு. தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்பது அதன் பொருள். அது மாலையில் வராது. எந்த முஸ்லிமுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாங்கு முடியப் போகிற இடத்தில் அந்த வரி வந்தது.

முற்றம் அப்படியே நின்றுவிட்டது. வாயில் இருந்த கஞ்சியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வரிசையாக உப்பிய கன்னங்கள். கவுஸ்தான் முதலில் விழுங்கினார். “இன்னாது, தூக்கத்தவிடவா?” என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்கள். நேரம் இன்னும் ஆகவில்லை.

பெட்டியை நிறுத்தச் சொல்லி நாலு பேர் ஓடிவந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஏன் வெளியே ஓடினேன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. வாசற்படி தடுக்கியது. துபாய் டூ-இன்-ஒன் நேராகப் போய் நோன்புக் கஞ்சிக் குண்டானுக்குள் இறங்கியது. கடைசியாக ஒரு கிளிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே எடுத்தபோது டேப் நாடா சேமியா மாதிரி வந்துகொண்டே இருந்தது. திண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினம்மா, “பகலெல்லாம் பொறுத்தவங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் பொறுக்க முடியல பாரு” என்று மாட்டிடம் சொன்னார், கன்னடத்தில். கவுஸ்தான் பிறகு எனக்கு அதைத் தமிழாக்கினார்.

அப்போது சிக்கந்தர் சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“யாருண்ணே அது? என்னயக் கூப்புட்டு வச்சுக்கிட்டே இன்னொரு ஆளையும் கூட்டியாந்துருக்கீகளா?”

“எந்த ஆளு?”

“இப்பப் பாங்கு சொன்னவரு. பாதி வழியில கேட்டேன். பாங்கு ஆயிருச்சேன்னு நானும் சைக்கிள நிறுத்திப் பையில இருந்த பழத்தத் தின்னுட்டேன். என்னா குரலுண்ணே! இந்த ஆளு முன்னால நமக்கு எங்க கெடைக்கப்போகுதுன்னு அப்பிடியே திரும்பி வந்துட்டேன். பாங்கு சொல்லப் போறவனே நான்தான், அதக்கூட மறந்து...” அவன் குண்டானைப் பார்த்தான். கஞ்சி சொட்டுகிற பெட்டியைப் பார்த்தான். முந்தின நாள் டேப்பில் அவன் காதில் விழுந்தது குருவியும் தகரமும்தான், தன் குரல் தனக்கு யாருக்குத்தான் தெரிகிறது?

லைன் முழுக்கச் சிரித்த சிரிப்பில் மரத்துக் குருவிகள் எல்லாம் ஒருதரம் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. சிக்கந்தர் சிரிக்கவில்லை. நாடாவை விரலில் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். டேப் போனதென்றால் என்ன போயிற்று என்று அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பள்ளிவாசலில் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஹஜ்ரத் ஒருவர்தான் அன்று ஏமாறாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். வாய் நனைத்த அத்தனை பேரும் அந்த நோன்பைக் கழா செய்ய வேண்டும், அதாவது பெருநாள் கழிந்து ஆளுக்கொரு நாள் ஈடாக நோன்பு பிடிக்க வேண்டும். அவரவர் நோன்பு அவரவர் கடன், ஒருவருக்காக இன்னொருவர் பிடிக்க முடியாது. சொல்லும்போது சிரிப்பை அடக்கியதில் அவர் தாடி ஆடிக்கொண்டே இருந்தது. அன்று இரவே நான் பஸ் ஏறினேன். சிக்கந்தர் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியைச் சுமந்து வந்தான்.

மறுநாள் ஊரில் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். நோன்புக் கஞ்சி வாங்கப் பெண்கள் பாத்திரங்களோடு சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிற நேரம். அந்த வரிசையில் ஜொகராவும் நின்றாள்.

“டேப்பு எங்க?” என்றார் செயலாளர்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். புதினா வாடை வந்தது. அத்திப்பள்ளி நாயிலிருந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது. செயலாளருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் அதை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

“ஒரு லைன் முழுக்க நோம்ப முறிச்சு விட்ட ஆளு. அவனுக்கா இந்த வேல?”

தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீரா, அந்த ஆளுகல்லாம் கம்பெனிக்காரவுகதானே? கையில வாட்ச் இருந்துச்சா?”

“எல்லாரு கையிலயும் இருந்துச்சு.”

“ஒருத்தங்கூடப் பாக்கலையா?”

“பாக்கல.”

“நீயி?”

“பெட்டியப் போட்டவனே நான்தான். நானும் பாக்கல.”

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அணைக்கரையில குருவின்னு சொன்னியே. இவன் பாங்கத் தொடங்குன ஒடனே அதெல்லாம் வாயடங்கிருச்சா?”

அவருக்கு அப்படி ஒரு கதை வேண்டியிருந்தது. முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வேண்டியிருந்தது. நான் ஒரு ‘ஆமா’ சொன்னால் போதும், அன்றைக்கே வேலை உறுதி, நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சு. நான் வியாபாரி. பழைய பாயைப் புதுசு என்று கண்ணிமைக்காமல் விற்பவன். சுவருக்கு மேலே ஜொகராவின் கையில் தூக்கிப் பிடித்த பாத்திரம் தெரிந்தது. அது அசையவே இல்லை. அணைக்கரையில் நின்றது ஞாபகம் வந்தது, பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இல்ல” என்றேன். “அதுகபாட்டுக்கு அதுக சொல்லிக்கிட்டிருந்துச்சு. இவம்பாட்டுக்கு இவன் சொன்னான். அதுகளும் நிறுத்தல, இவனும் நிறுத்தல.”

தலைவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

“அப்பச் சரி. கையில வாட்ச் இருந்தும் பாக்க விடாத கொரலு. வரச் சொல்லு” என்றார்.

நான் கஞ்சி வரிசைப் பக்கம் போனேன். ஜொகராவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்துபோயிருந்தது. வேலையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அங்கன எத்தன பேருக்கு நோம்பு முறிஞ்சுபோச்சு?”

“லைன் முழுக்கத்தாம்மா.”

“அவுக பாங்கக் கேட்டுத்தானே?”

“ஆமா.”

“அப்ப அத்தன நோம்பையும் நானே பிடிச்சுக் கழிச்சிர்றேன். ஒருத்தரும் கவலைப்பட வேணாம்னு சொல்லிருங்க.”

ஒருவர் நோன்பை இன்னொருவர் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஹஜ்ரத் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

“சரிம்மா” என்றேன். “என்னோடதையும் சேத்துக்க.”